பாதியில் நின்ற வரி

போன வருடம் ஆடி மாதம், ஒரு முற்பகல். செஞ்சி பேருந்து நிலையத்தில் இருந்து வீட்டுக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டியவர் என்னிடம் ஆங்கிலம் படித்தவர். இப்போது அவருக்கே பேரன் இருக்கிறான். செல்போனில் பாதி ஓடிக்கொண்டிருந்த ஒரு பாட்டின் சத்தத்தைக் கூட்டி, "சார், இது நம்ம தம்பி கொரலு தானே?" என்றார்.

என் மகன் குரல்தான். சென்னையில் ஒரு ராக் இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தவன். அதை விட்டு விலகி, தனியாக ஓர் ஆல்பம் வெளியிட்டிருந்தான். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பருத்திக் காடுகளில் பாடிய துயரப் பாட்டில் இருந்து வந்த ப்ளூஸ் என்ற வகையைச் சார்ந்தது என்று முன்பே சொல்லியிருந்தான். நான் கேட்கவில்லை. ஆட்டோவில்தான் முதல்முறை அது என் காதில் விழுந்தது. ஒற்றை கிட்டார் கம்பி இழுத்து இழுத்து அழுதது. அதன் மேல் அவன், என்னைக் கூப்பிடுவது போலவே, "நைனா... நைனா..." என்று அடித்தொண்டையில் கூப்பிட்டான்.

ஆட்டோக்காரர் சிரித்தார். "இன்னா சார், நீங்க கல்லு கணக்கா குந்தினு இருக்கீங்க. புள்ள இப்பவே ஒப்பாரி வெச்சிட்டான்!"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒப்பாரியில் யாரைக் கூப்பிடுகிறார்களோ அவர்தான் இறந்தவர். பாட்டை நிறுத்தச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் மகனை அழைத்து, "நான் உயிரோட இருக்கச்சே எனக்கு ஒப்பாரியா?" என்று கத்தினேன்.

"முழுசா கேட்டியா நைனா?" என்றான்.

"கேக்கணும்னு அவசியமில்ல. இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத."

அவன் போனை வைத்துவிட்டான். ஐப்பசியில் என் மனைவியின் நினைவு நாள் படையலுக்கும் வரவில்லை. அவள் இறந்தபின் அவன் வராத முதல் படையல் அது. இலையின் முன் நான் மட்டும் கற்பூரம் ஏற்றினேன். வல்லத்தில் இருந்து வந்திருந்த மனைவியின் தங்கை, பிள்ளை எங்கே என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"அது உங்களுக்கு இல்ல மாமா. எங்க அக்காவுக்கு. அன்னிக்கு நீங்க நிறுத்தினீங்களே, அது."

நான் நிறுத்தியது உண்மை. அதற்கு நான்கு வருடங்களுக்கு முன், மனைவியைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, பெண்கள் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்து ஒப்பாரி தொடங்கினார்கள். "வாசத் தண்ணி தெளிச்சவளே, எங்கக்கா..." என்று இந்தக் கொழுந்தியாள்தான் எடுத்தாள். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் அப்போதுதான் உள்ளே வந்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "படிச்ச வீடு இது, சத்தம் வேணாம்" என்றேன். இவள் வரியைப் பாதியில் விட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மகன் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருடம் வகுப்பில் ஆங்கில இரங்கற்பாக்களை உருகி உருகி நடத்தியவன் நான்.

"எங்க ஊட்டுக்கு வந்தான் மாமா. சித்தி, அன்னிக்குப் பாதியில வுட்டியே, அத பாடுன்னான். நல்லா இருக்கற ஊட்ல ஒப்பாரி பாடக் கூடாதே. மல்லாட்டைக் கழனிக்குப் போய் நின்னு பாடினேன். செல்லுல புடிச்சிக்கினான்."

அவளே தன் போனில் அந்தப் பாட்டை வைத்தாள். படையல் இலைக்கு முன் உட்கார்ந்து கேட்டேன். முதலில் காற்றின் இரைச்சல். பிறகு அவள் குரல்: "வாசத் தண்ணி தெளிச்சவளே, எங்கக்கா..." அங்கே நின்றது. அந்த இடத்தில் கிட்டார் நுழைந்தது. என் மகன் மிச்சத்தைப் பாடினான்: "வாசல் காஞ்சி கெடக்குதம்மா." அதற்குப் பிறகுதான் அந்த நைனா வந்தது. ஆட்டோவில் நான் கேட்காமல் விட்ட வார்த்தையும் அதன் பின்னாலேயே வந்தது.

"நைனா... நைனா... அழு நைனா."

மனைவி இறந்து நான்கு வருடமாக நான் அழுததில்லை. அதைப் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். அன்று அழுதேன். கொழுந்தியாள் தடுக்கவில்லை.

மறுநாள் மகனை அழைத்தேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. "கேட்டுட்டேன்" என்றேன்.

"முழுசா?"

"முழுசா."

பிறகு, "சாப்டியா நைனா?" என்றான்.

பொங்கலுக்கு வந்தான். வாசற்படியில் ஒரு கணம் தயங்கி நின்றான். அந்தத் தயக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்த ஆல்பத்தில் எட்டுப் பாட்டு. எதிலும் வெளிச்சம் இல்லை. இப்போது எல்லாவற்றையும் கேட்கிறேன். ஒரு வீட்டின் அழுகையை ஒரு வார்த்தையால் அடக்கிவிட்டதாக நான் நினைத்திருந்தேன்; அத்தனை நாளும் அது என் மகனின் தொண்டையில்தான் இருந்திருக்கிறது.