லியோனாவின் மரத்து ஆப்பிள்

காகித ஆலையை அந்த வருஷம் ஏப்ரலில் மூடினார்கள். வினிஃப்ரெட் பெல்கி நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு ஆகஸ்டிலேயே ஆயத்தமாகத் தொடங்கிவிட்டாள். மகள் ஜோலீன் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வருவதாக எழுதியிருந்தாள். தாத்தாவுக்கு ஆலை வேலை போனதால் பாட்டி வீட்டில் பண்டிகை குறைந்துபோனது என்று அந்தப் பிள்ளைகள் நினைக்கக் கூடாது. அது ஒன்றுதான் வினிஃப்ரெட்டின் வைராக்கியம்.

அண்டை வீட்டுக்காரர் பன்றி அறுத்தபோது கூடமாட நின்று வேலை செய்துவிட்டு, கூலியாக ஒரு வாளி கொழுப்பு வாங்கி, பூரணம் வைத்துச் சுடும் 'பை' பலகாரத்தின் மாவுக்காக உருக்கி வைத்தாள். ஹாலோவீன் பண்டிகை முடிந்த மறுநாள் தெருத்தெருவாகப் போய், அலங்காரத்துக்கு வைத்து வெட்டாமல் வாசல்படிகளில் கிடந்த பூசணிக்காய்களைக் கேட்டு வாங்கி வந்தாள். வேகவைத்து மசித்து, கழுவிக் காயவைத்த ரொட்டி உறைகளில் கட்டி ஃப்ரீசரில் அடுக்கினாள். புருஷன் ஏர்ல் சுட்டுக்கொண்டு வந்த மானின் கழுத்துக்கறி, திராட்சையும் மசாலாவும் சேர்ந்து இன்னொரு 'பை'க்குப் பூரணமாயிற்று.

ஆப்பிள்தான் கிடைக்கவில்லை. மே மாதத்து உறைபனியில் ஊர் மரங்களின் பூக்களெல்லாம் கருகிவிட்டன. கடையில் விற்ற விலைக்கு வாங்கினால் விருந்துக்கான வான்கோழியை மறந்துவிட வேண்டியதுதான். மேட்டுநிலத்தில் இருந்ததால் ஹாஸ்கல் தோட்டம் மட்டும் தப்பித்துக் காய்த்திருந்தது. அங்கே யாரும் பறிப்பதில்லை.

"அந்தத் தோட்டத்துக்கா போறே?" என்றான் ஏர்ல்.

"பழம் கீழ விழுந்து அழுகுது."

"அழுகட்டுமே. ஆப்பிள் பை இல்லைன்னா ஜோலீன் உன்னை ஜெயில்ல போட்டுருவாளா?"

வினிஃப்ரெட் கோணியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

லியோனா ஹாஸ்கல் இறந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அதுவும் தேங்க்ஸ்கிவிங்குக்கு முதல் நாளான புதன்கிழமை மத்தியானம்தான். ஓடையின் மேல் அப்போதுதான் உறைந்திருந்த மெல்லிய பனிக்கட்டி மீது குறுக்கு வழியாக வீடு திரும்பியவள், அது உடைந்து உள்ளே போய்விட்டாள். எங்கே போய்விட்டுத் திரும்பினாள் என்பது ஊருக்குத் தெரியாது. வினிஃப்ரெட்டுக்குத் தெரியும்.

லியோனா அவள் வீட்டுப் பின்கதவைத்தான் தட்டினாள். மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, இன்னும் மூன்று. கை நிறைய மாவோடு நின்றிருந்த வினிஃப்ரெட் திரைச்சீலை இடுக்கில் அந்தச் சிவப்புத் தொப்பியைப் பார்த்தாள். சர்க்கரையோ முட்டையோ கேட்கத்தான் வந்திருப்பாள். அந்த மாதத்தில் அது நாலாவது தடவையாக இருக்கும். இவள் வீட்டிலும் அப்போது பண இழுபறிதான். வினிஃப்ரெட் மூச்சுக் காட்டாமல் சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். 'போயிடு, இன்னைக்குப் போயிடு' என்று மனசுக்குள் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. லியோனா போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்தப் புதன்கிழமை, மாவு பிசையும் நேரத்தில், பின்கதவில் தட்டும் சத்தம் கேட்கும். ஓடிப்போய்த் திறப்பாள். யாரும் இருக்கமாட்டார்கள். மற்ற நாட்களிலும் எந்தக் கதவு தட்டினாலும் பாய்ந்து திறந்துவிடுவாள். "நான் கையைத் தூக்கறதுக்குள்ள திறந்துடறியேம்மா, ஜோசியம் ஏதும் பாக்கறியா?" என்று தபால்காரர் கிண்டல் செய்வார். அவளும் சிரித்து வைப்பாள்.

தோட்டத்தில் புல் இடுப்பளவு உயர்ந்து காய்ந்து நின்றது. வடக்கு ஓரத்தில் இருந்த மரத்தில்தான் காய்ப்பு அதிகம். கீழே ஓடை சலசலத்துக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. காற்றே இல்லாதபோது ஒரு கிளை மட்டும் ஆடி, நாலைந்து பழங்கள் அவள் காலடியில் விழுந்தன. பொறுக்கினாள். கோணி நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் வண்டிக்கு நடந்தாள்.

புதன்கிழமை வந்தது. ஜோலீன் குடும்பத்தை அழைத்துவர ஏர்ல் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தான். அவள் கொழுப்பை மாவில் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்கதவில் சத்தம் கேட்டது. மூன்று தட்டு.

கதவைத் திறந்தாள். படியில் மெரில் ஹாஸ்கல் நின்றிருந்தான். லியோனாவின் புருஷன். வீட்டைப் பூட்டிவிட்டு, கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் இத்தனை வருஷமாகக் குடியிருப்பவன்.

"உன் வண்டி தோட்டத்துல நின்னதைப் பாத்தேன்," என்றான்.

"கேட்டிருக்கணும். தப்புதான் மெரில்."

"பழத்துக்காக வரல. உள்ள வரலாமா?"

அவன் மேசை ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் கையைக்கூடக் கழுவாமல் நின்றாள். 

"அன்னைக்கு அவ இங்கதான் வந்தா," என்றாள் வினிஃப்ரெட். "தட்டினா. நான் வீட்டுலதான் இருந்தேன். திறக்கல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?" என்றாள்.

"அவளைத் தேடிட்டு வந்தப்போ பனியில தடத்தைப் பாத்தேன். உன் படி வரைக்கும் வந்த தடம், அப்புறம் ஓடைப் பக்கம் திரும்பின தடம். உன் புகைபோக்கியில புகை வந்துச்சு. எனக்கு முன்னாடி வேற யாரும் அந்த வழியா வரல. ராத்திரி மறுபடி பனி கொட்டி மூடிடுச்சு."

"பதினொரு வருஷமா ஏன் கேக்கல?"

"கேட்டா, வீட்டுல இல்லைன்னு நீ சொல்லுவே. நான் நம்பற மாதிரி நடிக்கணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

"எதுக்கு வந்தா, மெரில்? சர்க்கரைக்கா?"

"சொல்லல. கோட்டு மாட்டிக்கிட்டு, வின்னி வீடு வரைக்கும் போயிட்டு வரேன்னா. அவ்வளவுதான்." அவன் தொப்பியைக் கையில் சுழற்றினான். "சண்டை போட்டிருந்தோம். உன்கிட்ட அழறதுக்கு வந்திருப்பாளோ என்னவோ. அதையும் நான்தானே சுமக்கறேன். நீ மட்டும்னு நினைச்சுக்காத."

வினிஃப்ரெட் நாற்காலியில் உட்கார்ந்து, மாவுக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மெரில் அவளைத் தேற்றவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மேசையில் கிடந்த கத்தியை எடுத்து, கூடையிலிருந்து ஒவ்வொன்றாக ஆப்பிள் சீவத் தொடங்கினான்.

"பட்டைத்தூளைக் குறைச்சுப் போடு," என்றான் நடுவில். "இந்தப் பழத்துக்கு அது ஆகாது. அவ போடவே மாட்டா."

மறுநாள் மெரிலும் சாப்பாட்டுக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். பிள்ளைகள் மூன்று வகைப் பையையும் வளைத்து வளைத்துத் தின்றார்கள்.

"அம்மா, இந்த ஆப்பிள் எங்க வாங்கினே? சுருக்குனு புளிச்சு, என்ன ருசி!" என்றாள் ஜோலீன்.

ஏர்ல் தட்டைப் பார்த்தபடி இருந்தான்.

"எங்க தோட்டம்," என்றான் மெரில். "வடக்கு ஓரத்து மரம். என் பொண்டாட்டி வெச்சது." பிறகு வினிஃப்ரெட்டின் பக்கம் திரும்பினான். "அடுத்த வருஷமும் பறிச்சுக்கோ."

அவள் தலையாட்டினாள். அந்த மரம் பட்டுப்போகும் வரை ஒன்பது வருஷம் அவள் பறித்தாள். மெரில் ஏணியைப் பிடித்துக்கொள்வான். ஊரில் அவள் ஆப்பிள் பைக்குத் தனிப் பெயரே உண்டாகிவிட்டது. அவள் மட்டும் அதிலிருந்து ஒரு விள்ளல்கூட வாயில் வைத்ததில்லை.