ஸ்டாச்சு விளையாட்டில் ஜெயித்த நாள்

என் மகளுக்குச் சுயக்கட்டுப்பாடு போதவில்லை என்று அவளுடைய மழலையர் பள்ளியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான்கு வயதுக்காரிக்கு! வைட்ஃபீல்ட் டிராஃபிக்கில் பெரியவர்களிடமே பார்க்க முடியாத சங்கதி அது. ஆனால் அதே வயதில் எனக்கு அது ஒரே ஒரு காலைப்பொழுது மட்டும் முழுசாக வாய்த்திருந்தது.

அப்போது நாங்கள் ஆஸ்டின் டவுனில் இருந்தோம். கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியதும் அப்பாவுக்கு வேலை போயிற்று. அம்மாவின் தம்பி வீட்டுக்கே வந்து ஒட்டிக்கொண்டோம். நான் சரியான அடங்காப்பிடாரி. அம்மா முக்குக் கடைக்குப் போனாலே அழுது ஊரைக் கூட்டிவிடுவேன். என்னை அடக்க மாமாவிடம் இருந்த ஒரே மருந்து ஸ்டாச்சு விளையாட்டு. அவர் ‘ஸ்டாச்சு’ என்றால் சிலையாக நிற்க வேண்டும்; ‘ஓவர்’ என்றால்தான் அசையலாம். அவர் குரங்கு மாதிரி மூஞ்சியைக் கோணுவார், நான் சிரித்துத் தோற்பேன். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

அம்மா நர்ஸ். குவைத்தில் வேலை கிடைத்து அவள் கிளம்பிய அன்று வாசலில் டாக்ஸி வந்து நின்றது. குவைத் சிவாஜி நகர் பக்கம் எங்கோ இருக்கிறது, சாயங்காலம் வந்துவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கே அழ வாயைத் திறந்தேன். மாமா முந்திக்கொண்டார்.

“ஸ்டாச்சு! இன்னிக்கு ஜெயிச்சா நாள் முழுக்க நான்தான் உனக்குக் குதிரை. அசைஞ்சா அவுட்டு!”

நின்றேன். மூக்கு அரித்தது, நின்றேன். அம்மா முட்டி போட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணீர் கழுத்தில் வழிந்து கிச்சுக்கிச்சு மூட்டியது, சிரிக்கவில்லை.

“அம்மாவக் கட்டிக்க மாட்டியா கண்ணு?” என்றாள்.

என்னைத் தோற்கடிக்க மாமா சொல்லிக்கொடுத்த தந்திரம் என்று எனக்குத் தெரியாதா! இன்னும் விறைத்துக்கொண்டேன். கடைசியில் அவளே என் கையை எடுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். பிறர் அசைத்தால் அவுட் இல்லை என்பதால், போட்ட இடத்திலேயே அதை விட்டுவைத்தேன்.

அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட் வரை அவளோடு போனார். டாக்ஸி கிளம்பிவிட்டது. மாமா ‘ஓவர்’ சொல்ல மறந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். “மாமா, ஓவர் சொல்லு,” என்று உதட்டை அசைக்காமல் கேட்டேன். சொன்னார். ஒரே தாவாக அவர் முதுகில் ஏறினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. குதிரைக்குத்தான் அன்று ஓடத் தெம்பே இல்லை.

சில நாள் கழித்து அம்மா பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டாள். சாப்பிட்டியா, தூங்குறியா என்று அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

“அம்மா, நீ கட்டிப் புடிச்சப்பகூட நான் அசையவே இல்ல, பாத்தியா? ஜெயிச்சிட்டேன்!”

அந்தப் பக்கம் பதிலே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று ரிசீவரை மாமாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக் காதில் வைத்தார். கீழே வைக்கவே இல்லை. கட்டான போனை அவர் எதற்கு அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.