விஜயரத்தினத்தின் சுண்டுவிரல்

எந்த வீட்டுக்குப் போனாலும் விஜயரத்தினம் முதலில் சுவரைத்தான் நலம் விசாரிப்பார். நடுவிரல் மூட்டால் மூன்று தட்டு. பிறகு காதைச் சாய்ப்பார். ஒரு செத்தவீட்டிலும் தட்டியிருக்கிறார். "உள்ளுக்கு வெறுமையாக் கிடக்கு," என்று அவர் சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்களும் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய மனோர் பார்க்கில் வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. கிழமையில் ஐந்து நாள் பெற்றோல் நிலையத்தில் வேலை. மிச்ச இரண்டு நாளும் வீட்டை உடைத்துக் கட்டுவார். கூலிக்கு ஒரு மேசனையும் வாசற்படி ஏற விட்டதில்லை. செய்ததில் முக்கால்வாசி கோணல் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

கோணாமல் நின்றது ஒன்றே ஒன்று. குசினியில், அடுப்புப் பக்கச் சுவரில், வீட்டுத் தண்ணீரை நிறுத்தும் வால்வை மறைத்து நீல டைல் ஒட்டியிருந்தார். ஆறு சனிக்கிழமை எடுத்தது. "வடிவா இருக்கு," என்றார் மனைவி றூபினி. கலியாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவருடைய கைவேலைக்குக் கிடைத்த ஒரே நல்வார்த்தை அது. வால்வுக்கு ஒரு சின்னக் கதவு வைத்திருக்கலாம். வைத்தால் வடிவு கெட்டுவிடுமாம்.

போன வெள்ளிக்கிழமை மேல்மாடியில் சாமித்தட்டு அடிக்கும் வேலை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கும்; அவர் ட்ரில்லைக் கையில் எடுத்தபோது பத்து இருபத்தைந்து. சுவருக்குள் குழாய் ஓடுகிறதா என்று காட்டும் கருவியை மகள் வாங்கிக் கொடுத்திருந்தாள். பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை. "சுவர் எனக்குச் சொல்லும்," என்று மூன்று முறை தட்டினார். சுவர் பொய் சொல்லிவிட்டது.

ட்ரில்லை உருவியதும் தண்ணீர் முகத்தில் பீச்சியது. ஆளும் லேசுப்பட்டவரல்ல, சுண்டுவிரலை ஓட்டைக்குள் செருகிவிட்டார். முழங்கையால் வடிந்ததைத் தவிர மற்றதெல்லாம் நின்றது.

றூபினி சுத்தியலோடு வந்தார். "டைலை உடைக்கட்டோ?"

"ராகுகாலத்தில உடைக்கக்கூடாது. பன்னிரண்டு மணிக்கு அது முடியுமட்டும் இப்பிடியே நிப்பன்."

"கீழ சீலிங் விழப்போகுது."

"விழாது. நான் பூசினது."

றூபினியின் பயமே அதுதான்.

ராகுகாலம் பாதி உண்மை, பாதி சாட்டு. அந்த நீல டைலை உடைக்க மனுசனுக்கு மனம் வரவில்லை. றூபினி அவருக்குத் தேத்தண்ணி பருக்கினார். பருக்கிக்கொண்டே அடுத்த தெரு மேர்வினைப் போனில் பிடித்தார். குழாய் வேலை செய்பவன், மன்னார்ப் பெடியன்.

"மேர்வின் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போற ஆள். அவனுக்கு ராகுகாலம் இல்லைத்தானே?"

விஜயரத்தினம் மனசுக்குள் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். மறுக்கச் சாத்திரம் கைகொடுக்கவில்லை.

"சரி, வரச்சொல்லும். ஆனா சுத்தியலை நீர் கையில குடுக்காதையும். அவனே எடுக்கட்டும்."

றூபினி சுத்தியலைக் குசினி மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். மேர்வின் வந்தான், அவனே எடுத்தான். முதல் அடி கேட்டதும் மேலே விஜயரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். "அது மூலை டைல்," என்றார். அடுத்த அடிக்கு, "அது நடு." அழுகை வந்தது. முகம் ஏற்கனவே நனைந்திருந்ததால் மானம் தப்பியது.

மேர்வின் மாடியேறி வந்தான். கையில் முழுசாக ஒரு நீல டைல்.

"தண்ணியை நிப்பாட்டியாச்சு அண்ணை. இது ஒண்டைத்தான் உடையாமல் எடுக்க ஏலுமாயிருந்துது. விரலை எடுங்கோ."

விஜயரத்தினம் டைலை மறு கையால் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது; பன்னிரண்டுக்கு இன்னும் நாற்பது நிமிடம். பக்கத்தில் நின்ற கதிரையைக் காலால் இழுத்தார். தூக்கிய கையின் சுண்டுவிரல் சுவருக்குள் இருந்தபடியே, கதிரையில் சாவகாசமாக உட்கார்ந்தார்.