சீனியரின் பதிலே எங்கள் பதிலும்

போன சனிக்கிழமை கொல்லிமலையில் ஒரு மனநல வகுப்பு. யாருக்கு? வக்கீல்களுக்கு! சிரிக்காதீர்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் போனேன்.

நாமக்கல்லில் எனக்கு ஒரு சின்ன ஆபீஸ். முப்பது வருஷ பிராக்டீஸ், மூன்று ஜூனியர்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி நாங்கள் நால்வரும் போய்ச் சேர்ந்தபோது ஒருத்தர் முகமும் முகமாக இல்லை.

வகுப்பு எடுத்தவர் கோவையிலிருந்து வந்த ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மா. தனி ஆளின் மனசைப் பார்க்கிறவர் இல்லையாம். ஆபீஸ் நடக்கிற விதத்தைப் பார்க்கிறவராம்.

“ஆன்லைன் ஃபைலிங், வீடியோ விசாரணைன்னு உங்க வேலையே மாறிப்போச்சு. மாறின வேலையை ஆபீஸ்ல எப்படிப் பிரிச்சுக்கிட்டீங்க? யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?” என்றார்.

யாரைக் கேட்பதா? சீனியர் யாரைக் கேட்பார்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பிறகு ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். பெயர் எழுத வேண்டாம். ‘வேலையில் உங்களை வருத்துவது எது?’ என்று ஒரே கேள்வி. நான் ‘ஏதுமில்லை’ என்று எழுதினேன். உதவியாக இருக்கட்டுமே என்று ஜூனியர்களின் படிவங்களையும் நானே வாங்கி, அடுக்கி, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டீ நேரத்தில் அந்த அம்மா மூன்று தாள்களுடன் என்னிடம் வந்தார். மூன்றிலும் ஒரே வரி — ‘சீனியரின் பதிலையே என் பதிலாக ஏற்றுக்கொள்கிறேன்.’

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோர்ட்டில் இது வழக்கம்தான் என்று விளக்கினேன். ஒரு வழக்கில் ஐந்து பிரதிவாதிகள் இருந்தால் முதல் ஆள் பதிலுரை போடுவார். மற்றவர்கள் ‘அதுவே எங்களுடையதும்’ என்று ஒரு வரி மெமோ கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

அவர் சிரிக்கவில்லை. “நீங்க சாப்பிட்டா அவங்க வயிறு ரொம்பிடுமா சார்?” என்றார்.

மலை இறங்கி காளப்பநாயக்கன்பட்டி வந்தோம். கலைவாணிக்கு அதுதான் ஊர். மூன்று ஜூனியர்களில் மூத்தவள், கெட்டிக்காரி. கார் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“திங்கக்கிழமையில இருந்து நான் வரலீங்க சார்.”

“ஏங் கண்ணு, வேற ஆபீஸா?”

“இல்லீங்க. வக்கீல் வேலையே வேண்டாமுங்க. ஊட்டுல இருந்து ஏதாச்சும் பரீட்சைக்குப் படிக்கலாம்னு இருக்கேனுங்க.”

ஏன் என்று கேட்டேன்.

“ஆன்லைன் வந்ததுல இருந்து ஸ்கேன் பண்றது, அப்லோடு பண்றது, உங்களுக்கு வீடியோ லிங்க் போட்டுத் தாரது... இதேதானுங்க. கோர்ட்டுல நான் வாய் தொறந்து ஏழு மாசமாச்சுங்க. ஜட்ஜுக்கு என் மூஞ்சியே மறந்திருக்கும்.”

‘இதெல்லாம் கலைவாணிக்குத்தான் வரும்’ என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே! அது பாராட்டு இல்லையா?

“இதை அந்தப் படிவத்துல எழுதியிருக்கலாமே? பேர்கூடப் போட வேண்டாமே!”

“படிவத்தை வாங்குனது நீங்கதானுங்களே சார்...”

முப்பது வருஷமாகக் குறுக்கு விசாரணை செய்கிறவன் நான். ஒரே வரியில் என்னையே மடக்கிவிட்டாள். உடனே சொன்னேன் — “திங்கக்கிழமை வாய்க்கால் கேஸ்ல வாதம் உன்னோடது. ஃபைலிங் என்னோடது.”

நம்பாமல் பார்த்தாள். “பாக்கலாமுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தாள்! கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பன்னிரண்டு பக்க மனு. ஒரு பக்கம் தலைகீழாக ஏறியது. இன்னொன்று ஏறவே மாட்டேன் என்றது. இதையா இவள் தினமும் செய்துகொண்டிருந்தாள்? ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் அவளுக்கே போன் போட்டேன்.

“சார், வாதத்துக்கு நோட்ஸ் எடுத்துட்டிருக்கேனுங்க. அப்பறம் பேசறேன்” — கட் பண்ணிவிட்டாள்.

என் போனை ஒரு ஜூனியர் கட் பண்ணியது இதுவே முதல் தடவை. நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஏன் இத்தனை சந்தோஷமாக இருக்கிறது?

அந்த சைக்காலஜிஸ்ட் அம்மாவின் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா?