முதலாளியும் அக்காவும் லிமா போன கதை

முதலில் நினைவுக்கு வருவது ஒரு தகரக் கூரை. என் கைப்பேசித் திரை முழுவதும் அதுதான் தெரிந்தது. நடுவில் ஒரு குழல்விளக்கு, அதைச் சுற்றி ஒட்டடை, எங்கிருந்தோ புரியாத பாஷையில் நாலைந்து ஆண்கள் போடும் சத்தம். திருப்பூரில் இருட்டத் தொடங்கியிருந்தது. சரக்கு கிளம்ப வேண்டிய நேரம் என்பதால் நான் இன்னும் கம்பெனியில் இருந்தேன். உலகின் மறுகோடியில், அந்தக் கூரை இருந்த லிமா நகரத்தில் அப்போதுதான் காலை விடிந்து கடைகள் திறந்திருந்தன. வீடியோ அழைப்பில் வந்த முதலாளியின் மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"கண்ணு, இவரத் திருடன்னு புடிச்சு வெச்சிருக்கறாங்க."

பிறகு கைப்பேசியை எங்கோ மல்லாக்க வைத்துவிட்டார். எனக்குக் கூரைதான் மிஞ்சியது.

திருப்பூரில் அந்த பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதும், சாம்பிள் அனுப்புவதும், இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதும் என் வேலை. அவரை முதலாளி என்றும் அவர் மனைவியை அக்கா என்றும்தான் எல்லோரும் அழைப்போம். இருவரும் காங்கேயம் பக்கம் தோட்டம் வைத்து விவசாயம் பார்த்த குடும்பம். வாடகை ஷெட்டில் தொழில் ஆரம்பித்தபோது முதலாளி துணி வெட்ட, அக்கா துணியின் ஓரத்தை மூட்டும் ஓவர்லாக் மெஷினில் தைப்பாராம். சொந்தக் கட்டடம் வந்ததும் சொந்தக்காரர்களுக்கு மானம் போக ஆரம்பித்தது. முதலாளி வீட்டம்மா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார்கள். முதலாளியும் அக்காவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். அக்கா சண்டை போடவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் கம்பெனிக்கு வருவார். பொட்டு வைக்கிற சாக்கில் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் குனிந்து, நூல் கோத்திருப்பதை ஆசையோடு பார்ப்பார். மறுபடி கம்பெனிக்கு வர வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். முதலாளியிடம் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம் அம்மிணி" என்பதுதான் பதில்.

லிமாவில் எங்களிடம் குழந்தைகள் உடை வாங்கும் பையர் புதிய ஷோரூம் திறந்தார். அழைப்பு இருவர் பேருக்கும் வந்தது. வழக்கம்போல முதலாளி தனியாகத்தான் கிளம்பப் பார்த்தார். பேர் இரண்டு போட்டிருக்கிறதே என்று அக்கா கேட்டதும் இன்னொரு டிக்கெட்டும் போடச் சொன்னார். பருப்புப் பொடியோடு இருவரும் விமானம் ஏறினார்கள். போய் இறங்கியதிலிருந்து அக்கா எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தார். வானம் எந்நேரமும் மூடிக் கிடக்கிறது, ஆனால் மழை மட்டும் பெய்யவே பெய்யாதாம். உருளைக்கிழங்கு கத்திரிக்காய் நிறத்தில் இருக்கிறது. எந்தத் தெருவுக்குப் போனாலும் சீனச் சாப்பாட்டுக் கடை. எனக்கு வேலை ஓடவில்லை. அடுத்து என்ன அனுப்புவார் என்றே காத்திருந்தேன்.

விழா முடிந்த மறுநாள் அந்த ஊர் துணிச் சந்தைக்குப் போயிருக்கிறார்கள். நம் திருப்பூர் காதர்பேட்டைக் கடைவீதியை நாலு மாடி உயர்த்திக் கட்டியது போல என்றார் முதலாளி. அங்கேதான் வினை. திருப்பூர்க்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரில் நிற்பவர் போட்டிருக்கும் பனியனின் (டி-ஷர்ட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஓரத்தை விரல்களால் பிடித்து, துணி எப்படி என்று தேய்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாண வீட்டில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில்கூடச் செய்வார்கள். இங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எங்கே பின்னிய துணி என்று பதிலுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். முதலாளி அதே ஞாபகத்தில், கூட்டத்தில் முன்னால் போன ஒருவரின் பனியன் ஓரத்தைப் பிடித்துத் தேய்த்திருக்கிறார். அதற்குச் சற்றுக் கீழேதான் அந்த மனிதரின் பர்ஸ் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று சந்தைக் காவலாளிகள் அவரை ஓர் அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

முதலாளி பதற்றத்தில் ஆங்கிலம், தமிழ் இரண்டையும் கலந்து அடித்திருக்கிறார். ஒருவருக்கும் தலைகால் புரியவில்லை. அக்கா நேராகப் போய்க் காவலாளியின் சட்டை ஓரத்தைப் பிடித்துத் தேய்த்து, பரவாயில்லை என்பது போல உதட்டைப் பிதுக்கினாராம். அடுத்தவர் சட்டையையும் அப்படியே பார்த்தார். பிறகு காலால் மெஷினை மிதித்து, இரண்டு கையாலும் துணியைத் தள்ளுவது போல வெறும் காற்றில் தைத்துக் காட்டினார். கூடவே வந்து உட்கார்ந்திருந்த அந்த பனியன்காரருக்குத்தான் முதலில் விளங்கியது, ஏனென்றால் அவரும் அதே சந்தையில் பனியன் தைத்து விற்பவர். எழுந்து வந்து முதலாளியின் சட்டை ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார். தகரக் கூரைக்குக் கீழே திடீரென்று எல்லோரும் சிரித்தது எனக்குக் கேட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஊர் திரும்பியதும் முதலாளி இந்தக் கதையை ஆபீஸில் எல்லோருக்கும் நடித்தே காட்டினார். பனியன்காரர் தன் தையல் கூடத்துக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டதோடு கதையை முடித்துவிட்டார். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். வந்துவிட்டோம் என்றவர், சாயப்பட்டறையில் வேலை இருப்பதாக எழுந்து போய்விட்டார். கதை சொல்லக் கிடைத்தால் விடாத மனிதர் அவர். அந்த அவசரம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

மறுநாள் காலை, ஆயுத பூஜையும் இல்லை ஒன்றும் இல்லை, அக்கா டிபன் டப்பாவோடு கம்பெனிக்கு வந்தார். முதலாளியின் அறையில் நானும் இருந்தேன். மீதிக் கதையை அக்கா என்னிடம் சொல்லுகிற மாதிரி அவருக்குச் சொன்னார். அந்தக் கூடத்தில் பனியன்காரரின் மனைவிதான் ஓவர்லாக் ஓட்டிக்கொண்டிருந்தாராம். அக்கா பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டு எழுந்து இடம் கொடுத்தாராம். அக்கா ஒரு தோள்பட்டை மூட்டித் தந்ததும் தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதுகில் தட்டினாராம். அப்போது பனியன்காரர் தன் கைப்பேசியில் ஏதோ பேச, அது மொழிபெயர்த்துத் தமிழில் முதலாளியைக் கேட்டிருக்கிறது: "உங்கள் மனைவி உங்கள் நிறுவனத்தில் என்ன வேலை செய்கிறார்?"

"இவர் அந்த ஃபோனக் கையில வாங்கித் தமிழ்லயே சொன்னாருங்க, கண்ணு. புரொடக்‌ஷன் பூராவும் இவங்கதான் பாக்கறாங்க, இவங்க இல்லாட்டிக் கம்பெனியே ஓடாதுன்னு. அந்தம்மா என் ரெண்டு கையவும் புடிச்சுக்கிட்டாங்க."

அக்கா முதலாளி பக்கம் திரும்பினார்.

"அவ்வளவு தூரம் போய்ச் சொல்லிப்போட்டீங்க. அது பொய்யாப் போயிரக் கூடாதுங்க. அதான் வந்துட்டேன்."

அப்படியானால் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதலாளி மெதுவாகக் கேட்டார்.

"பூட்டிப்போட்டு வந்துட்டனுங்க" என்று சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு அக்கா தையல் கூடத்துக்குப் போனார். மெஷின் சத்தம் ஒரு நிமிடம் நின்று மறுபடி தொடங்கியது. முதலாளி சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சில வருடங்கள் ஆகிவிட்டன. சாவி இன்றும் அவரிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் முதலில் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து அரிசி களைகிறவர் அவர். அக்கா கடைசி மெஷின் நின்ற பிறகுதான் கிளம்புகிறார்.