ஹோபார்ட்டுக்கு நான் அனுப்பிய சத்தம்

என் தங்கையின் கணவர் பத்துப் பாகம், அறுபதடி ஆழத்திலிருந்து கயிற்றை மூன்று முறை இழுத்தார். அந்த மூன்று இழுப்பையும் நான் கேட்டேன். கேட்டு ரசித்தேன்!

இழுப்பு வரவே இல்லை என்று ஊரில் சொன்னேன். இரண்டு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டபோதுகூட வாயில் வந்தவை வேறு பாவங்கள். கோபம், பொறாமை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாதது... உங்களிடம் மட்டும் சொல்கிறேன். உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை என்பதால் சொல்ல முடிகிறதோ என்னவோ.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. முத்துக் குளித்த காலத்திலிருந்து வருவது. கடலில் இறங்குகிறவனின் கயிற்றை அவன் அண்ணன் தம்பி பிடிக்கமாட்டார்கள். பெற்ற தகப்பன்கூடப் பிடிக்கமாட்டான். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குச் சொத்தில் கண் இருக்கலாம்; மச்சினனோ தன் தங்கை தாலியறுக்கச் சம்மதிப்பானா?

முத்து போய்விட்டது, இப்போது குளிப்பது சங்கு. கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்கியதும் போய்விட்டது. வள்ளத்தில் கம்ப்ரசர் ஓட, குழாய் வழியே காற்று வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். கயிறு பிடிக்கிறவன் மட்டும் மாறவில்லை. என் தங்கை ரோஸ்லினின் கணவர் மிக்கேல். மிக்கேலின் கயிறு என் பொறுப்பு.

இதில் ஆஸ்திரேலியா எங்கே வந்தது என்கிறீர்களா? அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

ஆறு வருடம் நிலக்கரிக் கப்பலில் வேலை பார்த்தேன். நியூகாசில் துறைமுகத்தில் எங்களை ஊருக்குள் கூட்டிப் போகும் வேனில் எந்நேரமும் உள்ளூர் ரேடியோ ஒன்று பாடும். பெரிய பாடகர் எவரும் அதில் வரமாட்டார்கள். சலவைக் கடையைப் பற்றிப் பாடும் மூன்று பெண்கள், டார்வின் மழையில் தவளைச் சத்தத்தைப் பிடித்துத் தாளமாக்கிய ஒருவன்... நேற்றுவரை யாருக்கும் தெரியாதவர்கள்! ஒரு கையில் சோப்பும் மறு கையில் சாக்லெட்டும் வாங்கிக்கொண்டு மற்றவர்கள் திரும்புவார்கள். நான் பெயர்களை எழுதிக்கொண்டு திரும்புவேன்.

முதுகு வலி வந்து கப்பலை விட்டேன். அந்தப் பித்து விடவில்லை. தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் உட்கார்ந்துகொண்டு மெல்பர்னிலும் பெர்த்திலும் முளைக்கிற சிறு குழுக்களைத் தேடித் தேடிக் கேட்டேன். இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, தெரிந்த ஆங்கிலத்தில் அவர்களைப் பற்றி எழுதினேன். அவர்களும் பதில் போடுவார்கள். "எங்களை முதலில் கண்டுபிடித்தது தூத்துக்குடியில் ஒருவர்" என்று ஒரு குழு மேடையில் சொன்ன காணொளியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்!

"ஏலே, கங்காரு பாட்டு கேக்குதியா?" என்பான் வள்ளம் ஓட்டுகிற தொம்மை. வள்ளமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் ஒரு கர்வம். இவனுக்கு என்ன தெரியும், உலகத்தில் யாருக்குமே தெரியாததை அல்லவா நான் முதலில் கேட்கிறேன்... முதலில் கேட்பது! அந்த ஆசைதான் என்னைத் தின்றது.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரத்தில் ஒரு பெண். பகலில் பழக்கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. வீடு திரும்பியதும் கார் ஷெட்டில் சிந்தசைசர் வாசித்துப் பாட்டுக் கட்டுவாள். அவள் பெயரைச் சொல்லமாட்டேன். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் கண்டெடுத்தபோது அவள் பாடலைக் கேட்டவர்கள் பத்தொன்பது பேர். இருபதாவது ஆள் நான். அவளைப் பற்றி எழுதினேன், கேட்கிறவர்கள் கூடினார்கள், நன்றி சொல்லி மடல் போட்டாள். பிறகு ஒருநாள், "உங்கள் வேலையின் சத்தம் ஒன்றை அனுப்புங்கள், அடுத்த பாடலில் சேர்க்கிறேன்" என்று கேட்டாள்.

என்னிடம்! கேட்பவனாகவே இருந்த என்னிடம்!

எதை அனுப்புவது? அலைச் சத்தம் ஆயிரம் பேரிடம் இருக்கும். எனக்கு ஒன்று தோன்றியது. காற்றுக் குழாய்க்குள் ஓடுகிற மூச்சு. கடலடியில் ஒரு மனிதன் மூச்சு வாங்குவதை உலகத்தில் எவன் பாட்டில் வைத்திருக்கிறான்? பொருள்மேல் ஒட்டிவைத்தால் அதன் அதிர்வைப் பிடிக்கும் சின்ன மைக் ஒன்றை வரவழைத்தேன். வான் தீவுக்கு அப்பால் நங்கூரம் போட்ட ஒரு காலைப்பொழுதில், மிக்கேல் இறங்கியதும், அதைக் குழாயில் ஒட்டி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

கேட்டது! உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் அத்தனை துல்லியமாக... என் தேகமெல்லாம் சிலிர்த்தது.

ஆனால் கூடவே ஒரு கரகரப்பு. என்னவென்று பார்த்தேன். குழாயோடு சேர்த்துக் கட்டிய கயிறு என் உள்ளங்கையில் உரசுகிற சத்தம். என் கைதான் பதிவைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

கையை எடுத்தேன். கயிற்றை வள்ளத்து முளையில் கட்டினேன். கரகரப்பு நின்றது.

இதைத்தான் எவரிடமும் சொன்னதில்லை. முளையில் கட்டிய கயிற்றை எவனும் மன்னிக்கமாட்டான் எங்கள் கரையில். நாயைக் கட்டலாம், ஆளைக் கட்டுவார்களா?

கயிறு பிடிக்கிறவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் புகை கம்ப்ரசர் காற்று வாங்கும் பக்கம் போய்விட்டால், கீழே இருப்பவன் குடிப்பது விஷம். அன்று கிழக்கிலிருந்து அடித்த கொண்டல், வடக்கத்தி வாடையாகத் திரும்பியிருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்! மூச்சின் வேகம் கூடியது தெரிந்தது. தாளம் மாறுகிறது, அருமை என்று நினைத்தேன். ஐயோ, அப்படித்தான் நினைத்தேன்...

அப்போது வந்தது. டும். டும். டும்.

ஒரு இழுப்பு என்றால் சங்குப் பையைத் தூக்கு. இரண்டு என்றால் கயிற்றைத் தளர்த்து. மூன்று என்றால் ஆளைத் தூக்கு. பத்து வருடமாக என் கைக்குத் தெரிந்த பாஷை அது. காதுக்குத் தெரியவில்லை. முளையில் அடித்து, மரத்தில் இறங்கி, ஹெட்போனில் வந்தபோது அது பெரிய மேளத்தின் அடியாகக் கேட்டது. சத்தம் அளவாகப் பதிகிறதா என்று செல்போனில் பார்த்தேன். பதிந்தது. மறுபடியும் மூன்று. நான் தலையாட்டினேன்.

காதுக்குத் தெரியவில்லை என்று எழுதினேனே... அது உண்மையா? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தெரிந்திருக்குமோ? இன்னும் கொஞ்சம் பதியட்டும் என்று இருந்துவிட்டேனோ? இரண்டு வருடமாக இந்தக் கேள்வியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். விடை சொல்லப் பயமாக இருக்கிறது.

"ஏலே! கொப்புளத்தக் காணும்லே!" என்று வள்ளத்தின் பின்கோடியிலிருந்து தொம்மை கத்தினான். கீழே இருப்பவன் விடும் மூச்சு, குமிழ் குமிழாகத் தண்ணீர்மேல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். தொம்மை ஓடி வருவதற்குள் முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கையில் எடுத்துவிட்டேன். அதைச் செய்யவும் அந்த நேரத்தில் எனக்குப் புத்தி இருந்தது, பாருங்கள்! இருவருமாகத் தூக்கினோம். மிக்கேலின் முகம் செக்கச் சிவந்து கிடந்தது. உயிர் இருந்தது.

"இழுத்தானாலே?" என்றான் தொம்மை.

"இல்லண்ணே. ஒரு அசைவும் இல்ல."

உயிர் பிழைத்தார். நடை தள்ளாடிற்று, பேச்சு இழுத்தது. அந்தக் காலைப்பொழுது அவர் நினைவில் அடியோடு இல்லை. நேற்று நடந்ததும் இன்று தங்குவதில்லை. மச்சினன் கையில் கயிறு இருந்ததால் பிழைத்தான் என்று ஊர் பேசியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ரோஸ்லின் என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டாள். "அண்ணே, இந்தக் கைதான் எனக்குத் தாலி" என்றாள். நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

இத்தோடு நின்றிருந்தால்கூட என்னை மனிதன் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம்.

நான்கு மாதம் கழித்து ஹோபார்ட்டிலிருந்து மடல். பாடல் முடியப்போகிறது, சத்தம் கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். அழித்துவிடலாம் என்றுதான் பதிவைத் திறந்தேன். கேட்டேன். நன்றாக இருந்தது! மறுபடியும் போட்டுக் கேட்டேன், மறுபடியும் நன்றாக இருந்தது! தொம்மையின் கூச்சல் தொடங்கும் இடத்தில் வெட்டிவிட்டு அனுப்பினேன். என் பெயர் வேண்டாம் என்று மட்டும் எழுதினேன்.

"அந்த மூன்று அடிகள் என்ன? பாடலையே அவற்றின்மேல்தான் கட்டியிருக்கிறேன்" என்று பதில் வந்தது. வள்ளத்துப் பலகையில் ஏதோ இடிக்கும் சத்தம் என்று எழுதினேன்.

பாடல் வந்தது. நான் கேட்கவில்லை. அவளைப் பற்றி எழுதுவதையும் விட்டேன். யாரும் கேட்காமல் எங்காவது ஒரு மூலையில் கிடந்து மக்கிப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். புதியவர்கள் கேட்கப்பட வேண்டும் என்று ஊருக்கு உபதேசம் செய்தவன் வேண்டிக்கொண்டது இது!

கடல் கண்ணில் பட வேண்டாம் என்று ரோஸ்லின் மில்லர்புரத்தில் வாடகைக்கு வீடு எடுத்தாள். பழகிய சத்தங்களைக் கேட்டால் நினைவு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மதியந்தோறும் பாட்டுப் போட்டுக் காட்டுவது என் வேலை ஆயிற்று. கோயில் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு. கடல் சம்பந்தப்பட்ட எதையும் நான் போடமாட்டேன்.

அவர்கள் மகள் ஜெனி பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஆள் தெரியாத குழுக்களைத் தேடும் வித்தையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். போன மாதம் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"மாமா, நீங்க அசந்துட்டீங்க! ஹோபார்ட்ல ஒரு அக்கா. நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன். இங்கன பாருங்க, தூத்துக்குடிக் கடல்ல பதிஞ்ச சத்தம்னு போட்டிருக்கு!"

தடுப்பதற்குள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். மூச்சு வந்தது. கம்ப்ரசரின் உறுமல் வந்தது. பிறகு அந்த மூன்று அடி, திரும்பத் திரும்ப, பாட்டு முடியும்வரை...

நாற்காலியில் சாய்ந்திருந்த மிக்கேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் அவர் தானாக நிமிர்ந்தது அன்றுதான்.

"இன்னொரு தடவ போடு" என்றார்.

ரோஸ்லின் அழுதுவிட்டாள். "அண்ணே, இதத் தெனமும் போடுண்ணே. ஒருநாளும் விட்டுராத" என்றாள்.

தினமும் போடுகிறேன். வேறு என்ன செய்ய? முடியாது என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். மதியம் மூன்று மணிக்குப் போகிறேன். அவர் கண்ணை மூடிக் கேட்கிறார். மற்றதெல்லாம் மறுநாளைக்குள் மறக்கிறது. இந்தப் பாட்டில் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு அடி முன்னே போகிறார். முதல் வாரம், "நம்ம கம்ப்ரசர் மாதிரில்லா இருக்கு" என்றார். அடுத்த வாரம், "இதுல ஒருத்தன் கூப்பிடுதான் மச்சான்" என்றார். அது டிரம், மாப்ள என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்றும் போட்டேன். பாதியில் கையைத் தூக்கினார். நிறுத்தினேன். உள்ளே ரோஸ்லின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மூணு இழுத்திருக்கான்" என்றார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார். "திரும்பயும் மூணு. ஏன் மச்சான் யாரும் தூக்கல?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்! "தெரியலையே மாப்ள" என்றுதான் வந்தது.

பிறகு என் முழங்கையை ஆதரவாகத் தட்டிக் கொடுத்தார், துக்க வீட்டில் தட்டுவது போல.

"பாவம்... அவனுக்கு மச்சினன் யாரும் இல்ல போல" என்றார். "போடுங்க மச்சான்."

நான் மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.