பன்னிரண்டு மாடி, பன்னிரண்டு சொல்

“மழை வரும்போல இருக்கே” என்று லிஃப்டில் ஏறியவர் யாராவது சொல்லிவிட்டால் போதும். “வரட்டும் சார். மழையை யாரும் இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாதில்ல? பிட்காயினும் அப்படித்தான்” என்பார் லிஃப்ட்காரர், பொத்தானை அமுக்கியபடியே.

கீழ்த்தளத்திலிருந்து பன்னிரண்டாவது மாடிக்கு ஒன்றேகால் நிமிடம். அதற்குள் உலகத்து வங்கிகளையெல்லாம் கவிழ்த்தாக வேண்டும். நாலாவது மாடிப் பல் வைத்தியரிடம் போகிறவர்களுக்குச் சுருக்கப் பதிப்பு: “பல்லைப் பிடுங்கிடுவாங்க, இதை யாராலயும் பிடுங்க முடியாது.” கன்னம் வீங்கியவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை என்பதால் அவர்கள்மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

யாரையும் நம்பத் தேவையில்லாத பணம் என்பது அவர் வாதம். அதைத்தான் ஏழு மாதமாக, “என்னை நம்புங்க சார்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காரணம் வீட்டில் இருக்கிறது. தையல்காரியான மனைவி புது மிஷினுக்குச் சேர்த்ததையும் இதில்தான் போட்டிருக்கிறார். “முன்னப்பின்ன தெரியாத ஒரே ஒரு ஆள் உங்க பேச்சைக் கேட்டு இதுல சேரட்டும், நானும் நம்புறேன். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா வித்துட்டு மிஷினை வாங்கிக் குடுங்க” என்று அந்த அம்மாள் கெடு வைத்துவிட்டார்.

எல்லாருக்கும் அவர் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. “கணக்கு தொடங்கினா ஃபோன்ல பன்னெண்டு வார்த்தை வரும். அதுதான் சாவி. தெரிஞ்சவன் மொத்தத்தையும் வழிச்சுட்டுப் போயிடுவான். பெத்த தாய்கிட்டகூடச் சொல்லக் கூடாது.” தம்முடையதை அவர் தாளில் எழுதவில்லை, மாடிக்கு ஒன்றாக மனப்பாடம் செய்திருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் உதடு அசையும். மனத்துக்குள் சொல்வதாகத்தான் நினைத்திருந்தார்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தது. எட்டாவது மாடியில் கதவு திறந்தபோது, கணக்கு அலுவலகத்துப் பெண் கேட்டாள்: “அண்ணே, ஒரு சந்தேகம்.”

ஏழு மாதத்தில் முதல் கேள்வி. அவர் முகம் மலர்ந்தது.

“மூணாவது மாடி வந்தா ‘டொமேட்டோ’ங்கிறீங்க, இங்க வந்தா ‘அம்பர்லா’ங்கிறீங்க. ஏதாவது மந்திரமா?”

நானும் அங்கே இருந்தேன். எனக்கு ஒன்பதாவது மாடி. அதுவரைக்கும் எனக்கும் மனப்பாடம்.

மலர்ந்த முகம் வெளுத்தது. கதவைத் திறந்தபடி நிறுத்திவிட்டு ஃபோனை எடுத்தார். கீழே பொத்தானைப் போட்டு அமுக்கினார்கள். “யோவ், தூங்கிட்டியா?” என்று குரல் வந்தது. அவர் அசையவில்லை. விரல் மட்டும் தவறவில்லை. புதுக் கணக்கு திறந்து, புதுச் சொற்களைத் தாளில் எழுதிச் சட்டைக்குள் செருகி, பணம் முழுவதையும் மாற்றி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

“ஓ, இதுக்குத்தான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னீங்களா!” என்றாள் அந்தப் பெண். ஏழு மாதப் பேச்சில் புரியாதது அந்தக் கால்மணி நேரத்தில் புரிந்துவிட்டது. “அப்ப எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே. சின்னதா.”

போட்டுக் கொடுத்தார். அவள் ஃபோனில் பன்னிரண்டு சொற்கள் வந்தன. கைப்பையில் பேனாவைத் தேடி எடுத்து, வாய்விட்டுப் படித்தபடியே எழுதத் தொடங்கினாள்.

முகம் பார்க்காமல் எவரிடமும் பேசியறியாத மனிதர் சட்டென்று இரும்புச் சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார். அப்படியே நின்று, முழங்கையால் என்னையும் இடித்தார்.